கடலை நோக்கி நடக்கும் கோடு

கன்னியாகுமரி மாவட்டத்தில் கடல் ஊருக்குள் வர மழை வேண்டாம், புயல் வேண்டாம். வானம் துடைத்து வைத்தாற்போல இருக்கும். கொடியில் காயும் துணிகூட அசையாது. அந்த நேரம் பார்த்து அழிக்காலிலோ பிள்ளைத்தோப்பிலோ வள்ளவிளையிலோ தண்ணீர் மணல்மேட்டைத் தாண்டும், சாலையைத் தாண்டும், படியேறி அடுப்படிக்குள் வந்து நிற்கும். "கடலு கேறிச்சு!" என்று எங்கிருந்தோ ஒரு குரல். அடுத்த பத்து நிமிடத்தில் கட்டில்மேல் அரிசி மூட்டை ஏறும், அதன்மேல் பிள்ளையின் புத்தகப் பை ஏறும், எல்லாவற்றுக்கும் மேலே பாலித்தீன் உறைக்குள் ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம். தண்ணீர் வடியும்போது வீட்டுக்குள் முழங்கால் உயரத்துக்கு மணல். கக்கூஸ் தொட்டி பொங்கி முற்றத்தில் நிற்கும். கிணறு உப்பு.

இதற்குக் கேரளத்திலும் குமரியிலும் மீனவர்கள் வழிவழியாக வைத்திருக்கும் பெயர் கள்ளக்கடல். 2012-இல் யுனெஸ்கோ அந்தப் பெயரையே அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. ஆக, மீனவன் வாயில் இருந்த வார்த்தைக்கு ஐ.நா.வின் அங்கீகாரம் கிடைத்துவிட்டது. அவன் வீட்டுக்குப் பட்டா கிடைப்பதுதான் பாக்கி.

இந்தத் தண்ணீர் உள்ளூர்த் தண்ணீர் இல்லை. அண்டார்க்டிக்காவைச் சுற்றி ஓயாமல் காற்று வீசும் தென்கடலில் எங்கோ ஒரு புயல் மூளும். நாள்கணக்கில் ஒரே திசையில் அது கடலை உழும். அங்கே எழும் அலைகள் புயல் ஓய்ந்த பிறகும் ஓயா. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் பதினைந்து, பதினெட்டு நொடி இடைவெளி வைத்துக்கொண்டு, நடுக்கடலில் போகிற கப்பலுக்குக்கூடச் சரியாகத் தெரியாத நீண்ட பள்ளமும் மேடுமாக வடக்கே கிளம்பும். வேகம் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் நம் அரசுப் பேருந்து இந்த வேகத்தைத் தொட்டதாக வரலாறு இல்லை. வழியில் தடுக்க நிலம் கிடையாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி, நான்கைந்து நாளில் நம் கரையைத் தொடும். ஆழம் குறையக் குறைய அலை எழும்பும். அது வந்து சேரும் நேரமும் ஓதம் ஏறும் நேரமும் ஒன்றானால், கரையோரக் கடல்மட்டமே உயர்ந்துகொண்டு ஊருக்குள் நடக்கும்.

அதாவது, அலை நான்கைந்து நாள் முன்பே சொல்லிவிட்டுத்தான் வருகிறது. மத்தியக் குழு மாதிரி எல்லாம் முடிந்த பிறகு வந்து பார்வையிடும் நாகரிகம் கடலுக்குத் தெரியாது.

இதோடு இன்னொன்றும் நடக்கிறது. 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகின் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. 2006-க்குப் பிறகு ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்ததாக 2021-இல் வந்த ஐ.நா. காலநிலைக் குழுவின் (ஐபிசிசி) அறிக்கை சொல்கிறது. சூடேறிய தண்ணீர் விரிகிறது, பனிமலைகளும் துருவப் பனியும் உருகி ஓடி வருகின்றன. மில்லிமீட்டர்தானே என்று கோட்டையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தோன்றும். அலை ஏறி நிற்கும் தரையே ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்தால், பத்தாண்டுக்கு முன் மணல்மேட்டோடு திரும்பிப்போன அதே அலை இன்று அடுப்படிக்கு வரும். நூறாண்டுக்கு ஒருமுறை வந்த உச்ச நீர்மட்டம், இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் உலகின் ஓத அளவை நிலையங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஆண்டுக்கு ஒருமுறையாவது வரும் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. இந்தச் சூட்டில் கட்டுமரக்காரனின் பங்கு என்ன என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். கட்டுமரத்துக்குப் புகைக்குழாய் கிடையாது. ஆனால் பில் மட்டும் அவன் வீட்டு முகவரிக்குத் தவறாமல் வருகிறது, தண்ணீராக.

சரி, சொல்லிவிட்டு வரும் அலைக்கு நாம் என்ன செய்கிறோம்?

ஐதராபாத்தில் இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இருக்கிறது. இன்காய்ஸ் என்பார்கள். தென்கடலில் அலை கிளம்பும்போதே கண்டுபிடித்து, எந்தக் கரைக்கு எந்த நேரம் வரும் என்று கணித்துச் சொல்வதற்கென்றே 2020-இல் ஒரு தனி அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி நடக்கிறதை அறைக்குள் உட்கார்ந்து பிடித்துவிடுகிறார்கள். பிடித்த சேதி அங்கிருந்து சென்னைக்கு வரும், சென்னையிலிருந்து ஆட்சியருக்கு, ஆட்சியரிடமிருந்து வட்டாட்சியருக்கு, அவரிடமிருந்து கிராம நிர்வாக அலுவலருக்கு. கடைசியில் கோயில் ஒலிபெருக்கியில் பங்குத்தந்தை வாசிப்பார். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் நிறமாக வரும் அந்த எச்சரிக்கையில் பொருள் எப்போதும் ஒன்றுதான்: நாளை இரவு 11.30 மணி வரை கடல் உள்ளே வரலாம். கடலோரம் வசிப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்கவும். படகுகளைப் பாதுகாப்பான இடைவெளி விட்டுக் கட்டவும்.

இந்தப் பாதுகாப்பான இடைவெளி எங்கே இருக்கிறது என்று யாராவது ஒரு நாள் அழிக்காலுக்கு வந்து கைநீட்டிக் காட்டினால் நன்றாக இருக்கும். முன்னால் கடல். பின்னால் வீடு. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒருவர் தோளைச் சாய்த்துப் போகும் சந்து. வள்ளத்தை நெஞ்சில் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். "எச்சரிக்கையாக இருக்கவும்" என்பதற்கும் செயல்முறை விளக்கம் இதுவரை வரவில்லை. ராத்திரி முழுக்க விழித்திருப்பது எச்சரிக்கையாக இருப்பதாகுமா, அல்லது பள்ளிக்கூட பெஞ்சில் பிள்ளைகளோடு ஒடுங்கிக் கிடப்பதா?

2024 மே 6-ஆம் தேதி, இப்படி ஒரு எச்சரிக்கை நடப்பில் இருந்தபோதுதான் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனார்கள். வெளியூரில் படித்த பிள்ளைகள். காற்று இல்லை, மேகம் இல்லை, வெயில் அடிக்கிறது. அந்தக் கடல் ஆளைக் கொல்லும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எச்சரிக்கை விடுத்தோமே என்று அரசு சொன்னது. விடுத்தார்கள்தான். விடுப்பதோடு எச்சரிக்கையின் ஆயுள் முடிந்துவிடுகிறது, கோப்பில் ஒரு டிக் விழுந்துவிடுகிறது. அதன்பிறகு யார் செத்தாலும் அது எச்சரிக்கையை மீறிய சாவு.

எச்சரிக்கை போகாத இடம் ஒன்று உண்டு: கடற்கரையில் யார் எங்கே கட்டலாம் என்று கோடு போடும் மேசை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டி முழக்கினேன்.

1981 நவம்பரில் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஓதம் உச்சத்தில் வந்து நிற்கும் இடத்திலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரையில் எதுவும் கட்டாதீர்கள், சும்மா விட்டுவிடுங்கள் என்பது சாரம். பத்து ஆண்டு கழித்து, 1991-இல் அது கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையாக வந்தது. 500 மீட்டர் கட்டுப்பாட்டுக்குள், ஊரகக் கரைகளில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடமே கூடாது என்றது. 2011-இல் இன்னும் கொஞ்சம் புத்தி வந்தது. ஓதம், அலை, கடல்மட்ட உயர்வு, கரை நகர்வு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து நாடு முழுக்க ஓர் அபாயக் கோடு வரைய வேண்டும் என்றார்கள். இந்திய நில அளவைத் துறை களத்தில் இறங்கியது. கோடு வந்தது.

கோடு வந்ததும்தான் பயம் வந்தது, கடலைப் பார்த்து அல்ல, கோட்டைப் பார்த்து. எத்தனை விடுதி உள்ளே விழும், எத்தனை மனை உள்ளே விழும் என்று கூட்டிப் பார்த்திருப்பார்கள். 2019 ஜனவரியில் அரசிதழில் வந்த அறிவிக்கையைப் படித்தால் கூட்டிய கணக்கின் விடை தெரியும். அபாயக் கோடு பேரிடர் மேலாண்மைத் திட்டமிடலுக்கான ஒரு கருவி மட்டுமே என்று அதை உட்கார வைத்துவிட்டார்கள். யார் எங்கே கட்டலாம் என்பதில் அது வாய் திறக்காது. அதே அறிவிக்கையில், மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கரைகளில், புதிய மேலாண்மைத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்ததும், 200 மீட்டர் 50 மீட்டராகச் சுருங்கும்.

நெருக்கத்துக்கும் ஓர் அளவு வைத்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேர். 2,161 பேருக்கு மேல் வசிக்கும் ஊரா, கடல் 50 மீட்டரோடு நின்றுகொள்ளும். அதற்குக் குறைவா, 200 மீட்டர் வரை வரும். கடல் கிளம்பும்போதே சென்சஸ் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருகிறது என்று டெல்லியில் யாரோ நம்புகிறார்கள். கூட்டம் அதிகமான இடத்தில் ஆபத்து அதிகம் என்பது பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும். அதை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து அரசிதழில் அச்சிட ஒரு முழு அமைச்சகம் தேவைப்பட்டிருக்கிறது.

கடல் கரையை நோக்கி வருகிறது. கோடு கடலை நோக்கி நடக்கிறது. இரண்டும் வழியில் எங்கோ சந்தித்துக்கொள்ளும் அந்த இடத்தில்தான் குமரிக்காரனின் அடுப்படி இருக்கிறது.

ஊர்ப் பிள்ளைகளின் வீடு கட்டும் கஷ்டத்தைத் தீர்க்கத்தான் கோட்டைத் தளர்த்தினோம் என்று இதற்கு ஒரு சமாதானம் உண்டு. மீனவனின் கஷ்டத்தின் மீது இவ்வளவு கரிசனம் இருந்தவர்கள் 2005-இல் எங்கே போயிருந்தார்கள்? ஆழிப்பேரலை அடித்த மூன்றாம் மாதம், 2005 மார்ச் 30-ஆம் தேதி தமிழக அரசு ஓர் ஆணை போட்டது. எண் 172. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் அதைத் தாண்டிப் போகச் சம்மதித்தால் அரசு வீடு கட்டித் தரும். போக மாட்டேன் என்றால், இருந்துகொள்ளலாம், ஆனால் உதவி கிடையாது. அன்றைக்கு 200 மீட்டர் உயிருக்கு ஆபத்து. தொழிலை விட்டு, வலையை விட்டு, கடலைக் கண்ணால் பார்க்க முடியாத தூரத்துக்குப் போ என்றார்கள். போனவர்கள் போனார்கள். பதினான்கு ஆண்டு கழித்து, அதே கரையில் 50 மீட்டருக்கு அப்பால் கட்டடம் கட்டலாம் என்கிறது சட்டம். மீனவன் இருந்தால் ஆபத்தாக இருந்த மண், அவன் எழுந்துபோனதும் கடல் பார்த்த அறையாக மாறிவிட்டது. காலை உணவு இலவசம்.

கேரளத்தில் இன்னும் வேடிக்கை. அங்கே 'புனர்கேகம்' என்று ஒரு திட்டம். கடலிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்கும் மீனவக் குடும்பங்கள் காலி செய்து போனால் நிலம் வாங்கவும் வீடு கட்டவும் சேர்த்து 10 லட்சம் ரூபாய். திருவனந்தபுரத்துப் பக்கம் அந்தப் பணத்துக்கு வீடு கட்ட அல்ல, வாசற்படி கட்டத்தான் நிலம் கிடைக்கும். கடல் வீட்டைத் தின்ற வலியதுறைக் குடும்பங்கள் பல ஆண்டுகளாக ஒரு சிமெண்ட் கிடங்குக்குள் துணியைத் திரையாகக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தின. கல்யாணம், பிரசவம், பரீட்சை எல்லாம் சிமெண்ட் தூசிக்குள்.

இவ்வளவுக்கும் நடுவே நல்ல சேதி ஒன்று உண்டு. இந்தியாவின் கடற்கரை வளர்ந்துவிட்டது. 7,516 கிலோமீட்டர் என்று நாமெல்லாம் மனப்பாடம் செய்தது பழைய கணக்கு. உள்துறை அமைச்சகத்தின் புதிய கணக்கில் 11,098 கிலோமீட்டர். தமிழ்நாட்டுக்கும் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் கூடியிருக்கிறது. நுட்பமான வரைபடத்தை வைத்து ஒவ்வொரு வளைவையும் நெளிவையும் அளந்தார்களாம், அதனால் நீளம் கூடிற்றாம். அளவை முறையில் தவறில்லை. சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆய்வு மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை அடுக்கிப் பார்த்து, நாட்டின் கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்பில் இருக்கிறது, தமிழகக் கரையில் ஏறத்தாழ 43 சதவீதம் அரிப்பில் இருக்கிறது என்று சொன்னதிலும் தவறில்லை. தரையில் கரை தேய்கிறது, காகிதத்தில் கரை நீள்கிறது. பட்ஜெட்டைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

இனி கல்லுக்கு வருவோம். கடல் எப்போது ஊருக்குள் வந்தாலும் அரசு எடுக்கும் ஒரே ஆயுதம் கல். ஆனி, ஆடியில் கடல் வீட்டை இடித்தால், ஊர் சாலையில் உட்காரும். சாலையில் உட்கார்ந்தால் அதிகாரி வருவார். அதிகாரி வந்தால் கல் வரும். டிப்பர் லாரி பின்பக்கமாக ஊர்ந்து ஊர்ந்து கரையின் விளிம்பில் நிற்கும். கிளீனர் பையன் "வா, வா, போதும்" என்பான். தொட்டி தூக்கும். மலை சரிகிற சத்தம். தூசி அடங்கும்போது பாதிக் கல் கரையில், பாதிக் கல் தண்ணீரில். இது தடுப்புச் சுவர். கரைக்குக் குறுக்கே கடலுக்குள் நீட்டிப் போட்டால் தூண்டில் வளைவு. இரண்டுக்கும் தனித்தனி மதிப்பீடு, தனித்தனி டெண்டர், தனித்தனி திறப்பு விழா.

சுவரில் மோதிய அலை மரியாதையாகத் திரும்பிப் போய்விடாது. மோதிய வேகத்தில் சுவரின் காலடி மணலைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போகும். காலடி போனால் கல் சரியும், சரிந்த கல் புதையும். மூன்று, நான்கு மழைக்காலத்தில் சுவர் கடலுக்குள் இருக்கும், கடல் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும். தூண்டில் வளைவின் கதை வேறு. ஒரு பக்கம் மணலைப் பிடித்து வைக்கும், மறுபக்கம் மணல் போகாமல் அடுத்த ஊரைப் பட்டினி போடும். அடுத்த ஊர் அரிக்கும். அந்த ஊர் சாலையில் உட்காரும். அங்கேயும் கல் போகும். இப்படியே ஊர் ஊராகக் கல் நடந்து, அரசின் கருணை நீரோடி வரை போய்ச்சேரும். கொச்சி பக்கம் செல்லானத்தில் 344 கோடி ரூபாயில் ஏழு கிலோமீட்டருக்கு நாற்கால் கான்கிரீட் கட்டிகளை அடுக்கினார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்த ஏழு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். சுவர் முடியும் இடத்துக்கு அடுத்த கண்ணமாலிக்காரர்கள் ஆண்டுதோறும் மறியல் செய்கிறார்கள்.

கரை முழுக்கக் கல்லானால் வள்ளத்தை எங்கே ஏற்றுவது, கரைமடியை எங்கே நின்று இழுப்பது, வலையை எங்கே காயப்போடுவது? இதெல்லாம் மதிப்பீட்டில் வராத விஷயங்கள். தேங்காய்ப்பட்டணத்தில் ஆற்றின் வாயில் துறைமுகம் கட்டினார்கள். அலைத்தடுப்புச் சுவரின் அமைப்பு சரியில்லை என்று மீனவர்கள் அன்றே சொன்னார்கள். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, அலை புரண்டு, கடலில் பிழைத்து வந்தவன் துறைமுக வாசலில் செத்தான். ஒருவர் அல்ல, இருவர் அல்ல. புயலில் ஒதுங்கக் கட்டிய இடத்துக்குள் நுழையத்தான் இப்போது புயலைவிடத் துணிச்சல் வேண்டும்.

ஆனாலும் கல்லுக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. சாலை போட்டால் பள்ளம் தெரியும். பாலம் கட்டினால் விரிசல் தெரியும். கடலில் கொட்டிய கல்லை யார் எண்ணுவது? எம்-புக் என்னும் அளவைப் புத்தகத்தில் எழுதியதே எண்ணிக்கை. நூறு லோடு போட்டதாக எழுதி அறுபது போட்டாலும், மிச்சம் நாற்பதைக் கடல் கொண்டுபோய்விட்டது என்றால் தீர்ந்தது. ஒப்பந்தக்காரர் சார்பாகக் குறையை ஏற்றுக்கொண்டு எதிர்வாதம் செய்யாமல் நிற்கும் ஒரே சாட்சி கடல்தான். கடலில் கரைத்த பெருங்காயத்துக்காவது கொஞ்சம் வாசனை இருக்கும்.

அந்தக் கல் எங்கிருந்து வருகிறது என்பதும் கேட்க வேண்டிய கதை. குமரியின் மேற்குத்தொடர்ச்சி மலைச்சரிவிலிருந்து. இங்கே மட்டுமா? எல்லை தாண்டி விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்கும் இந்த மலைதான் லாரி லாரியாகப் போனது. ராத்திரியெல்லாம் களியக்காவிளை சாலை அதிர்ந்தது. மழையைப் பிடிக்கும் மலையை உடைத்துக் கடலில் போடுகிறோம். கடலைப் பிடிக்கும் மணலையோ கரையிலிருந்து எடுக்கப் பார்க்கிறோம். கிள்ளியூர் வட்டத்தின் கடலோரக் கிராமங்களில் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிம மணல் எடுக்கும் திட்டத்தைத்தான் சொல்கிறேன். 2024-இல் ஊர் திரண்டு எதிர்த்த பிறகு கருத்துக்கேட்புக் கூட்டத்தைத் தள்ளி வைத்தார்கள். மணல்மேடு என்பது கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே செலவில்லாமல் நிற்கும் சுவர். அதைத் தோண்டிக்கொண்டு, தோண்டிய குழிக்குப் பக்கத்தில் கல்லைக் கொட்டுவதற்குப் பெயர் வளர்ச்சி.

கடலைக் கண்டு அரசு பயப்படுகிறது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 37 கோடி ரூபாயில் 77 மீட்டருக்கு ஒரு கண்ணாடிப் பாலம், 2024 டிசம்பர் 30-ஆம் தேதி திறந்தார்கள். உப்புக் காற்றைத் தாங்கும், கடல் காற்றின் வேகத்தைத் தாங்கும் என்று பொறியாளர்கள் விளக்கினார்கள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. சுற்றுலாப் பயணியின் செருப்புக்கு அடியில் இவ்வளவு அறிவியல் இருக்கிறது. அங்கிருந்து கூப்பிடு தூரத்து ஊர்களுக்குத்தான் கல் போதும்.

சென்னையில் மெரினா கடலுக்குள் 360 மீட்டர் தள்ளி, 134 அடியில் 81 கோடி ரூபாய்க்குப் பேனா வடிவ நினைவுச் சின்னம் நிறுத்த மாநிலம் கேட்டது, மத்திய அமைச்சகம் 2023 ஜூனில் கடலோர மண்டல அனுமதி கொடுத்தது. அதற்கு வழி பிறந்ததும் மும்பைக் கடலில் சிவாஜி சிலைக்காக 2015-இல் சட்டத்தில் செய்த திருத்தத்தில்தான். ஆளுநர் விஷயத்தில் ஒத்துவராத, மொழி விஷயத்தில் ஒத்துவராத, நிதி விஷயத்தில் ஒத்துவராத மாநிலமும் மத்தியும், கடலுக்குள் சிலை என்றால் கைகோத்துக்கொண்டார்கள். கூட்டாட்சித் தத்துவம் உயர் ஓதக் கோட்டுக்கு அப்பால் செழிக்கிறது. இன்னும் வடக்கே போனால் காட்டுப்பள்ளி. 330 ஏக்கர் துறைமுகத்தை 6,110 ஏக்கராக்கும் திட்டம், அதில் ஏறத்தாழ 2,000 ஏக்கர் கடலையே தூர்த்து எடுப்பது. கடல் நிலத்துக்குள் வந்தால் சீற்றம், நிலம் கடலுக்குள் போனால் முதலீடு.

வெள்ளம் வடிந்த மறுநாள் காட்சியை எல்லா ஊரிலும் பார்க்கலாம். வெள்ளைச் சட்டைகள் வரும். வேட்டியை மடித்துக் கட்டி, நனையாத இடமாகப் பார்த்துக் கால்வைத்து, ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பார்கள். புகைப்படக்காரர் "ஐயா, கொஞ்சம் இந்தப் பக்கம்" என்பார். மண்வெட்டியால் மணலை அள்ளிக்கொண்டிருக்கும் பெண் நிமிரக்கூட மாட்டாள். "என்னம்மா, சாப்பாடெல்லாம் வந்துச்சா?" என்று கேட்பார் தலைவர். "சோறு வந்து சாரே, வீடு எப்பம் வரும்?" என்பாள் அவள், மணலை அள்ளியபடியே. இந்தக் கேள்வி மறுநாள் எந்தச் செய்தித்தாளிலும் வராது. நிரந்தரத் தீர்வு காணப்படும் என்ற உறுதிமொழி வரும். நிரந்தரம் என்ற சொல்லைக் குமரிக் கடற்கரையில் கேட்ட அளவுக்குப் பூசையில்கூடக் கேட்டிருக்க மாட்டோம்.

அதனால் ஐதராபாத்தில் இருக்கும் விஞ்ஞானிகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த சிவப்பு எச்சரிக்கை கிளம்பும்போது அழிக்கால்காரனுக்கு ஒரு பிரதி போதும். கடல் நிறம் மாறுவதை உங்களுக்கு அடுத்தபடியாகக் கண்டுபிடிப்பவன் அவன்தான். மிச்சப் பிரதிகளை 200 மீட்டரை 50 மீட்டராக்கிய கோப்பில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு அனுப்புங்கள். 2,161 என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்தவருக்கு அனுப்புங்கள். அபாயக் கோட்டை வரைய வைத்து, வாங்கி, வாயைக் கட்டி உட்காரவைத்தவருக்கு அனுப்புங்கள். தேங்காய்ப்பட்டணத்து வரைபடத்துக்கு ஒப்புதல் தந்தவருக்கும், எண்ணாத கல்லை எம்-புக்கில் ஏற்றியவருக்கும், 50 மீட்டருக்கு வெளியே மனை பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டவருக்கும் ஆளுக்கொன்று. "நாளை இரவு 11.30 மணி வரை கடல் உள்ளே வரலாம். உங்கள் கையெழுத்துகள் கரையோரம் கிடக்கின்றன. அவற்றைப் பாதுகாப்பான இடைவெளி விட்டுக் கட்டவும்" என்று ஒரு குறுஞ்செய்தி. கைப்பேசி எண்கள் எல்லாம் அரசிடமே இருக்கின்றன.